தக்ளி முதல் தீக்குச்சி வரை

(பழைய மாணவர் ஒருவர், பி.எஸ்ஸி. இயற்பியல், 1972–75)

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்த தம்பி, "அய்யா, விடுதிச் சாம்பார், ஆண்டு விழா, கிரிக்கெட் மேட்ச் எல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நீங்க வாத்தியாரா இருந்தவர். பள்ளிக்கூடத்தைப் பற்றி வரலாறு மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார். 1978 முதல் 2012 வரை அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியராகக் காலம் தள்ளியவன் நான். வரலாறு எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் கையால் ஒன்றைச் செய்து, அதன் வழியாகப் பாடம் படிப்பது என்ற விஷயம் நம் வகுப்பறைக்குள் எத்தனை முறை வந்தது, எத்தனை முறை வெளியே போனது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். 1973ஆம் ஆண்டு. வெப்பவியல் வகுப்பு. பேராசிரியர் நீள் விரிவுக் குணகம் நடத்திக்கொண்டிருந்தார். "வெப்பத்தால் உலோகம் விரிவடைவதற்கு ஓர் உதாரணம் சொல்" என்று என்னை எழுப்பினார். பள்ளிக்கூடத்திலிருந்து மனப்பாடம் செய்து வந்த வரி நாக்கில் தயாராக இருந்தது. "மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பொருத்துதல், சார்" என்றேன். அவர் விடவில்லை. "அதை நீ நேரில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை, சார்" என்றேன்.

அது பச்சைப் பொய். என் தகப்பனார் தச்சு வேலை செய்தவர். வண்டிச் சக்கரம் செய்வதில் சுற்றுவட்டாரத்தில் பேர் பெற்றவர். குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டி, சக்கரத்தை எங்கள் வீட்டு வாசலில்தான் சாய்த்து வைப்பார். பட்டை கட்டும் நாளில் பக்கத்துத் தெருக் கொல்லர் வருவார். சக்கரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து அளப்பார்கள். பட்டையை அந்த அளவைவிடச் சற்றே குறைவாக வெட்டி வளைப்பார்கள். அந்தச் 'சற்றே' எவ்வளவு என்பதுதான் வித்தை. அதிகம் குறைத்தால் பட்டை இறுக்கி ஆரக்காலை நெளித்துவிடும். குறைக்காமல் விட்டால் பத்து மைல் ஓடுவதற்குள் கழன்றுவிடும். வறட்டியை வட்டமாக அடுக்கி, தீ மூட்டி, பட்டை செக்கச் சிவந்ததும் இரண்டு பேர் கிடுக்கியால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பற்றிப் புகையும். உடனே நாங்கள், பொடியன்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 'சொய்ங்' என்ற அந்தச் சத்தமும், பட்டை சுருங்கும்போது வட்டையின் மூட்டுகள் 'நறநற'வென்று நெருங்கி உட்காருவதும் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. இதையெல்லாம் நூறு தடவை பார்த்தவன் எழுந்து நின்று "இல்லை சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்து பெஞ்சில் வக்கீல் மகன் உட்கார்ந்திருந்தான் என்பது உடனடிக் காரணம். உள்காரணம் தெரிய வேண்டுமென்றால் 1937க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் ஒரு கல்வி மாநாடு கூடியது. வெள்ளைக்காரன் கொடுத்த படிப்பு குமாஸ்தாக்களைத்தான் உண்டாக்குகிறது, பிள்ளையின் கையும் மூளையும் சேர்ந்து வளர வேண்டும், ஆகவே ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகவே கணக்கு, அறிவியல், பூகோளம் எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா ஓர் உறுப்பினர். யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் குழுவின் அமைப்பாளர். அவரும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் பின்னாளில் சேவாகிராமத்தில் இந்தக் கல்விக்காகவே வாழ்ந்தார்கள்.

குழு போட்ட கால அட்டவணையைப் பார்த்தால் இன்று மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளி. அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம்! தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் சேர்த்து 30 நிமிடம். தொழிலாளிகளை உண்டாக்குவது நோக்கமல்ல, தொழிலுக்குள் இருக்கும் கல்வியை வெளியே எடுப்பதுதான் நோக்கம் என்று அறிக்கை தெளிவாகவே சொன்னது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈட்டலாம் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. பள்ளிக்கூடம் பட்டறையாகிவிடும் என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான்.

சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த 1946–49 காலத்தில் இந்த ஆதாரக் கல்விக்கு நல்ல ஊக்கம் கிடைத்தது. 1947இல் டாக்டர் சௌந்தரம், ஜி.ராமச்சந்திரன் தம்பதியர் தொடங்கிய காந்திகிராமமும் அந்த வழியில் நடந்தது. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அதன் அலை வந்து சேர்ந்தபோது அது ஒரு தக்ளியாகச் சுருங்கியிருந்தது. 1960 வாக்கில் நான் இரண்டாம் வகுப்பு. வாரத்தில் சில நாள் பிற்பகல் நூற்பு வகுப்பு. பஞ்சைப் பிடித்துத் தக்ளியைத் தொடையில் உருட்டிச் சுழற்றிவிடுவோம். நூல் அறுந்தால் அடி. சிட்டம் சேர்ந்ததும் வாத்தியார் எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். தக்ளி ஏன் சுற்றுகிறது, முறுக்கினால் பஞ்சுக்கு ஏன் பலம் வருகிறது, பருத்தி எந்த மண்ணில் விளைகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சேவாகிராமத்தில் கேள்வியோடு புறப்பட்ட தக்ளி, எங்கள் ஊருக்கு வரும்போது கேள்வி கழன்று வெறும் தக்ளியாக வந்து சேர்ந்தது.

இதற்கு நடுவில்தான் 1953. இதைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கத்தாரும் என்மேல் கோபப்படலாம், பரவாயில்லை. அந்த ஜூன் மாதம் ராஜாஜி அரசாங்கம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மாற்றிய கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி முறை வைத்து நடத்தினால், அதே கட்டடத்தில் அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. மீதி நேரத்தில் பையன்கள் அப்பனோடு போய் அவன் தொழிலைக் கற்க வேண்டும், பெண் பிள்ளைகள் தாயாருக்கு உதவ வேண்டும். பெரியாரும் திராவிடக் கழகத்தாரும் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதுதான். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி விலக, ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் மே மாதமே திட்டத்தைக் கைவிட்டார்.

பலரும் காந்தியின் ஆதாரக் கல்வியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். காந்தி சொன்னது, தொழில் பள்ளிக்குள் வரவேண்டும், யார் வீட்டுப் பிள்ளையானாலும் அதைச் செய்ய வேண்டும் என்று. 1953 திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, பிள்ளையை அவனவன் அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. தாசில்தார் மகன் வீட்டுக்குப் போனால் புத்தகம், தச்சன் மகன் வீட்டுக்குப் போனால் உளி. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

என் அண்ணன் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டில் பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் மத்தியானமே பையன் வந்து நிற்க, அப்பா வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டா வந்துட்ட?" என்றாராம். "வாத்தியார் உங்ககூட இருந்து வேலை கத்துக்கச் சொன்னாரு" என்றானாம் அண்ணன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட கத்துக்கறதுக்கா உன்னைப் பள்ளிக்கூடத்துல போட்டேன்? சிலேட்டை எடுத்துக்கிட்டு அந்த வேப்பமரத்தடியில போய் உக்காரு. பொழுது சாயற வரைக்கும் எழுது. உளியைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்" என்றாராம். அந்த ஓராண்டும் அண்ணன் மூன்று மணி நேரம் பள்ளியிலும் மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியிலும் படித்தான். நான் பிறந்தது 1954. எனக்கும் அதே சட்டம்தான். எங்கள் வீட்டில் இழைப்புளியும் கொட்டாப்புளியும் இருந்தன. நாங்கள் இருவரும் ஓர் ஆணி அடிக்க அனுமதி இல்லை. தண்ணீர் ஊற்ற மட்டும் கூப்பிடுவார்.

கல்லூரியில் நான் சொன்ன பொய்க்கு விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன். கை வேலை என்பது தப்பித்து வரவேண்டிய இடம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். சொன்னவரே அந்த வேலையில் மன்னன். அதுதான் வேடிக்கை.

ஒரு வரி இடைச்செருகல். பின்லாந்தில் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்கள் பள்ளிகளில் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று; ஊனோ சிக்னேயஸ் என்ற பாதிரியாரின் முயற்சி அது. பின்னர் சுவீடனில் ஆட்டோ சாலமன் 'ஸ்லாய்ட்' என்ற பெயரில் அதை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். தச்சனை உண்டாக்க அல்ல, மனிதனை உண்டாக்கத்தான் மரவேலை என்பது அவர்கள் கொள்கை. அங்கே வாய்ச்சிக்குச் சாதி இல்லை. சட்டம் போட்டதும் பாடமாகிவிட்டது. இங்கே அப்படி ஆகுமா?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெயர் மாறியிருந்தது. 1964–66 கோத்தாரி கல்விக் குழு 'வேலை அனுபவம்' என்று சொன்னது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு அதையே 'சமூகப் பயனுள்ள ஆக்க வேலை' என்று பெயர் சூட்டியது. எஸ்.யூ.பி.டபிள்யூ. என்ற நான்கு எழுத்து எங்கள் அட்டவணையிலும் ஏறிற்று. மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். என்ன செய்வது? செடிக்குத் தண்ணீர் விடுவது, மைதானத்தில் கல் பொறுக்குவது, வகுப்பறை கூட்டுவது.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1983 அல்லது 84. நான்தான் வகுப்பாசிரியர். யார் யார் எதைச் செய்வது என்று நான்தான் பிரித்துக் கொடுத்தேன். யோசித்துப் பிரிக்கவில்லை. அந்த 'யோசிக்காமல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் ஒரு பையனின் தாயார் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர். உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை. "சார், தெருவை நாங்க கூட்டுறோம். எம் புள்ள இங்கயும் கூட்டணுமா? அந்தக் கடைக்காரர் பையன் எப்ப சார் கூட்டுவான்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேப்பமரத்தடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த என் அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து கூட்டுவது எல்லோருக்கும் முறை வைத்து, எனக்கும் ஒரு முறை போட்டுக்கொண்டேன். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

ஆனால் கூட்டும் முறையை மாற்றியதால் பாடம் வந்துவிடுமா? அதற்கு விடை வடக்கே மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. எனக்குத் தெரிய வந்தது தாமதமாகத்தான். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகத்தார், டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் எல்லாம் கிராமத்துப் பள்ளிக்கு வந்து உதவினார்கள். 'பால் வைக்ஞானிக்' என்ற அவர்கள் புத்தகத்தில் விடை இருக்காது; செய்து பார்த்துப் பிள்ளைதான் எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்வி எழுதிக் கடிதம் போடுவார்கள், பதிலும் வரும். 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. முப்பது ஆண்டு ஓடிய பிறகு 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. ஒரு தலைமுறைக்குக் கை கொடுத்த திட்டம் ஓர் உத்தரவில் முடிந்தது.

அதில் 1978இல் வந்து சேர்ந்தவர்தான் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். டெல்கோ லாரித் தொழிற்சாலையில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர். அவர் கிராமத்துச் சந்தையில் கிடைத்ததை வைத்தே கருவி செய்தார். சைக்கிள் வால்டியூபைச் சிறு துண்டாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினால் மூட்டு ரெடி. முக்கோணம், சதுரம், கனசதுரம், வீடு, பந்து எல்லாம் வரும். செலவு சில காசு. 2018இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த சமயம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து நண்பர்கள் நடத்திய ஆசிரியர் முகாம் ஒன்றில் இந்தத் தீக்குச்சி விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். மறுநாளே ஏழாம் வகுப்பில் செய்தோம். கடைக்காரர் பையன், கூலிக்காரர் பையன், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தீக்குச்சி, ஒரே வால்டியூப். எவன் வீட்டுத் தொழிலும் அது இல்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

மிச்சத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, எழுபத்தைந்தைத் தாண்டியவர், கையில் வாங்கிப் பார்த்தார். சதுரத்தை ஒரு பக்கம் அழுத்தினார், சாய்ந்தது. முக்கோணத்தை அழுத்தினார், அசையவில்லை. "நாலு சட்டம் ஆடும், மூணு சட்டம் ஆடாது. அதுக்குத்தானே கதவுக்குக் குறுக்கே ஒரு சட்டம் போடறது. இதையா ஏழாங்கிளாசுல சொல்லித்தர்றீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "வாத்தியாரே, இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நாளைக்கு நிறுத்திடுவாங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை அவரைப் பள்ளிக்கு அழைத்துப்போனேன். முதலில் மறுத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகள் முன்னால் ஒரு சிறு சக்கரத்திற்கு ஆரக்கால் இறக்கிக் காட்டினார். பன்னிரண்டு ஆரக்காலுக்கு வட்டத்தைச் சமமாகப் பிரிப்பது எப்படி என்று ஒரு பெண் கேட்டாள். கவராயத்தை ஆரத்தின் அளவுக்கே விரித்து, வட்டத்தின் மேல் ஆறு முறை அடி எடுத்து வைத்தார். சரியாகத் தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. "ஆறு வந்தாச்சு. ஒவ்வொண்ணையும் பாதியாக்கு" என்றார். வடிவியல் பாடத்தில் நான் அறுகோணத்தை அத்தனை தெளிவாக நடத்தியதில்லை. திரும்பி வரும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் மகளிடம் உளிப் பெட்டியைத் திறந்து காட்டினார். எங்களுக்குத் திறக்காத பெட்டி!

அந்த மகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனாள். அவள் பார்த்தது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையை ஒட்டியது. 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. பாயில் வட்டமாகப் பிள்ளைகள், நடுவில் ஆசிரியர், சுவரோரம் தாழ்வான கரும்பலகை, மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் செய்த படங்களும் பொம்மைகளும். "அப்பா, பிள்ளைங்க என்னைப் பார்த்துப் பயப்படறதே இல்லை" என்றாள் முதல் மாதம். பெற்றோர்களோ "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர்" என்றார்கள். அட்டை கிழிந்தால் மறு அட்டை வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடும் என்று அவளே பிறகு அலுத்துக்கொண்டதும் உண்டு. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்துவிட்டது.

2016இல் ஒன்றிய அரசின் அடல் ஆய்வகங்கள் வந்தன. பள்ளிக்கு 20 லட்ச ரூபாய், முப்பரிமாண அச்சுப்பொறி, உணர்விகள், மின்னணுப் பலகைகள். நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளுக்கு மேல் கிடைத்திருக்கிறது. சில இடங்களில் பிள்ளைகள் அதிசயம் செய்கிறார்கள், கண்ணால் கண்டேன். ஒரு பள்ளியில் மட்டும் அச்சுப்பொறி பிளாஸ்டிக் உறையோடு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. "உடைஞ்சா யார் சார் பதில் சொல்றது?" என்றார் பொறுப்பாசிரியர். சிட்டத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிய என் பழைய வாத்தியார் ஞாபகம் வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் போய்க் கற்கட்டும் என்றது. தமிழ்நாட்டில் உடனே 'குலக்கல்வி' என்ற சொல் மறுபடி எழுந்தது. வெளி மாநில நண்பர் ஒருவர் "பத்து நாளுக்கு இத்தனை கூச்சலா?" என்று கேட்டார். அவருக்கு வேப்பமரத்தடியின் கதையைச் சொன்னேன். கூடவே, என் அப்பா பள்ளிக்கு வந்த சனிக்கிழமையின் கதையையும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

இனி அந்தப் பொய். அப்பா காலமான சில ஆண்டுகளுக்குப் பிறகு, நம் கல்லூரியில் நடந்த ஒரு சந்திப்பில் ஓய்வு பெற்ற அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேர் சொல்லி, வருடம் சொல்லி, "சார், சக்கரத்துக்குப் பட்டை கட்டறதைப் பார்த்ததில்லைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். எங்க வீட்டு வாசல்லதான் நடக்கும்" என்றேன்.

அவருக்கு என்னை நினைவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடப்பாவி! முப்பது வருஷமா ஒவ்வொரு செட்டுலயும் கேட்டேன்யா. ஒருத்தனும் பார்த்தேன்னு சொல்லலை. நான் பட்டணத்துல பிறந்தவன். நானும் பார்த்ததில்லை. எவனாவது பார்த்திருந்தா அவன்கூடப் போய்ப் பார்க்கலாம்னுதான் கேட்டேன்" என்றார். பிறகு, "இப்ப போனா பார்க்கலாமா?" என்றார்.

எங்கள் பக்கம் அதற்குள் டயர் வண்டி வந்துவிட்டது. கொல்லர் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அவரிடம் அப்பாவின் கவராயத்தைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னேன். அடுத்த மாதம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.